வெளிநாட்டு வகுப்போடு சேர்ந்து மொழிப்பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழி ஆசிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் "வேறு நாட்டுப் பள்ளியோடு சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்யலாமே" என்று பேச்செடுத்தால் போதும், அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். அவ்வப்போது தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நீங்கள் கற்பிப்பது எந்த மொழியானாலும் இவை பொருந்தும்.

இதுன்னா என்ன, வீடியோ கால் போட்டு ரெண்டு வகுப்பும் ஹலோ சொல்லிக்கிறதா?

வீடியோ கால் இதில் ஒரு சின்னப் பகுதி, சில ப்ராஜெக்டுகளில் அதுவே இருக்காது. இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு வகுப்புகள் சேர்ந்து ஒரு பொருளை உருவாக்குவதுதான் விஷயம். அது ஒரு சிறு இதழாக இருக்கலாம், ஒலிப்பதிவுத் தொகுப்பாக இருக்கலாம், இரண்டு ஊர்களின் மழையளவை ஒப்பிடும் அறிக்கையாகவும் இருக்கலாம். ஒரு வகுப்பால் தனியாகச் செய்துவிட முடியாதபடி அது அமைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பிள்ளைகள் மொழியைப் பயன்படுத்தியே தீர வேண்டியிருக்கும்.

வழக்கமான கட்டுரைப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மாணவி "எங்கள் பள்ளி மிகவும் பெரியது" என்று எழுதுகிறாள், ஆசிரியர் டிக் போடுகிறார், கதை முடிந்தது. அதே வாக்கியம் இன்னொரு நாட்டுக்குப் போனால் "எவ்வளவு பெரியது? எங்கள் பள்ளியில் மொத்தமே 60 பேர்தான்" என்று பதில் வரும். இப்போது அவள் மாடி எத்தனை, வகுப்பு எத்தனை, காலையில் எல்லோரும் எங்கே கூடுகிறார்கள் என்று எழுதியாக வேண்டும், ஏனென்றால் எதிரில் இருப்பவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாத ஒருவர் படிக்கக் காத்திருக்கிறார் என்பதை ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் தனியாக உண்டாக்கிவிட முடியாது. இந்த முறையின் முழுப் பலமும் அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு வந்த ஃபேஷன்தானே?

இல்லை. செலஸ்தேன் ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1920-களிலேயே கிராமப் பள்ளி ஒன்றில் சிறிய அச்சு இயந்திரத்தை வைத்து, பிள்ளைகள் எழுதியதை அவர்களையே அச்சடிக்கச் செய்து, தொலைவில் உள்ள இன்னொரு பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பவைத்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர், வகுப்பில் நெடுநேரம் பேச முடியாதவர். அவருக்கு அன்றைய தொழில்நுட்பம் அச்சும் தபாலும். 1988இல் மாஸ்கோ பள்ளிகளையும் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் கணினி வழியாக இணைத்த முயற்சியிலிருந்து, பல நாட்டுப் பள்ளிகளைக் கூட்டு ப்ராஜெக்டுகளில் இணைக்கும் ஐஏர்ன் (iEARN) அமைப்பு வளர்ந்தது. ஐரோப்பிய ஆணையம் 2005இல், பள்ளிகளை இணையத்தில் கூட்டாளிகளாக்கும் இட்வின்னிங் (eTwinning) திட்டத்தைத் தொடங்கியது. கருவிகள்தான் மாறிக்கொண்டே வருகின்றன.

கூட்டாளி வகுப்பை எங்கே போய்த் தேடுவது?

இட்வின்னிங் இப்போது ஐரோப்பியப் பள்ளிக் கல்வித் தளத்துக்குள் இயங்குகிறது. அதில் சேர்ந்துள்ள நாடுகளின் பள்ளிகளுக்கு மட்டுமே இடம், உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐஏர்னில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் இருக்கின்றன. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்டில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்பதால் புதியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆசிரியர் சங்கங்கள், மொழி ஆசிரியர் மாநாடுகளில் கிடைத்த அறிமுகங்கள், வெளிநாட்டில் ஆசிரியராக இருக்கும் பழைய சகமாணவர் என்று தெரிந்தவர்கள் வழியாகவும் நல்ல கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

தேடும்போது எழுதும் முதல் செய்தியில் "உங்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய ஆசை" என்று மட்டும் எழுதாதீர்கள், யாரும் பதில் போடமாட்டார்கள். பிள்ளைகளின் வயது, மொழி நிலை, எத்தனை பேர், எந்த மாதங்களில், என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று ஐந்தாறு வரியில் தெளிவாக எழுதுங்கள். நாட்டைவிட வயதும் மொழி நிலையும் பொருந்துவதுதான் முக்கியம்.

எங்க வகுப்புல கம்ப்யூட்டர் கிடையாது, நெட்டும் விட்டு விட்டுத்தான் வரும். இது பணக்காரப் பள்ளிக்கூட வேலை இல்லையா?

ஆசிரியரிடம் ஒரு ஸ்மார்ட்போனும் வாரத்தில் ஒருமுறை சுமாரான இணைப்பும் இருந்தால் போதும், நல்ல ப்ராஜெக்ட் செய்யலாம். பிள்ளைகள் நோட்டில் எழுதுகிறார்கள், நீங்கள் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். குழுக்குழுவாக ஒரு நிமிடக் குரல் பதிவு செய்கிறார்கள், வீட்டுக்குப் போய் இணைப்பு கிடைக்கும்போது ஏற்றுகிறீர்கள். வந்த பதிலை ஸ்பீக்கரில் போட்டு வகுப்பே கேட்கிறது. உண்மையில் ஒரே பதிவை முப்பது பேர் சேர்ந்து கேட்டு "என்ன சொன்னாங்க?" என்று விவாதிக்கும்போது கேட்டல் பயிற்சி, ஆளுக்கொரு கணினியில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதைவிட நன்றாகவே நடக்கிறது.

தலைமையாசிரியரிடம் பேசும்போதும் இதையே சொல்லுங்கள். கருவி வாங்கித் தரச் சொல்லிப் போனால் கோப்பு அங்கேயே தங்கிவிடும். இருப்பதை வைத்துத் தொடங்குகிறேன் என்றால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும்.

சிலபஸே முடியமாட்டேங்குது, இதுக்குப் பீரியட் எங்கே போறது?

கூடுதல் வேலையாக வைத்தால் நிச்சயம் நேரம் கிடைக்காது, ஆகவே வைக்காதீர்கள். பாடப்புத்தகத்தில் எப்படியும் கடிதம் எழுதுதல், இடத்தை வர்ணித்தல், நேர்காணல், இறந்தகாலத்தில் சம்பவம் சொல்லுதல் எல்லாம் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, கற்பனை நண்பனுக்கு எழுதும் கடிதத்தை நிஜமான ஆளுக்கு எழுதும் கடிதமாக மாற்றுங்கள். முதல் முறை ஆறு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், வாரம் ஒரு பீரியட் கொடுத்தால் போதும்.

முதல் ப்ராஜெக்டா எதை எடுக்கலாம்?

தொடக்கப் பள்ளி என்றால் ஐஏர்னில் பல ஆண்டுகளாக நடந்துவரும் கரடி பொம்மை ப்ராஜெக்டைப் பாருங்கள். இரண்டு வகுப்புகளும் ஒரு பொம்மையை அஞ்சலில் மாற்றிக்கொள்ளும். வந்த பொம்மையைப் பிள்ளைகள் முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அந்தப் பொம்மையே எழுதுவதுபோல நாட்குறிப்பு எழுதி அதன் சொந்த வகுப்புக்கு அனுப்புவார்கள். "நான்" என்று தன்னைப் பற்றி எழுதத் தயங்கும் பிள்ளை பொம்மையாக மாறி எழுதும்போது தாராளமாக எழுதும், அதுவும் தினமும் பார்த்துப் பழகிய தன் வீட்டையே புதிதாகப் பார்த்து.

நடுநிலை வகுப்புகளுக்கு "மர்ம அழைப்பு" நல்லது. எந்த நாடு என்று சொல்லாமல் இரண்டு வகுப்புகள் வீடியோவில் இணைந்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளால் மட்டும் எதிர்வகுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். "உங்கள் நாட்டுக்குக் கடற்கரை உண்டா?", "நீங்கள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறீர்களா?" என்று போகும். ஒரு குழு வரைபடத்தில் நாடுகளை அடித்துக்கொண்டே வரும், ஒரு குழு அடுத்த கேள்வியைத் தயாரிக்கும், ஒருவர் கேட்பார். வினா வாக்கிய அமைப்பை ஒரு வாரம் கரும்பலகையில் நடத்தியும் வராதது இந்த அரைமணி நேரத்தில் வருவதைப் பார்க்கலாம், கேள்வி தப்பாக இருந்தால் பதிலும் தப்பாக வரும் என்று பிள்ளைகளுக்கே புரிந்துவிடுகிறது.

மேல்நிலை வகுப்புக்கு ஒரே கேள்விப்பட்டியலை இரு நாட்டிலும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒப்பிடும் ப்ராஜெக்ட் செய்யலாம். தாத்தா பாட்டியின் பள்ளிக்காலம், பழைய விளையாட்டுகள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எதுவும் சரி. ஆளுக்கொரு பவர்பாயிண்ட் செய்து "எங்கள் நாடு" என்று அனுப்பிக்கொள்வது மட்டும் வேண்டாம். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வாசகங்கள்தான் வரும், அதைப் படித்து யாரும் பதில் எழுதமாட்டார்கள்.

நேர வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறது?

பெரும்பாலான வேலையை நேரலை இல்லாமல் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே பாதி போய்விடும். குரல் பதிவும் எழுத்தும் எப்போது வந்தாலும் சரிதான். நேரலை அழைப்பை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் பள்ளி நேரம் ஒத்துவராவிட்டால் ஒரு பக்கம் சீக்கிரம் வரவோ கொஞ்சம் தாமதமாகப் போகவோ வேண்டியிருக்கும், அதை முறைவைத்துக்கொள்வதுதான் நியாயம். ஜூமின் இலவசக் கணக்கில் அழைப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும், பிள்ளைகளுக்கு அதுவே அதிகம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வழக்கமான கணக்கு தப்பும். பின்னே தள்ளும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. இந்தியா, ஜப்பான் போன்ற நாடுகளில் இந்த மாற்றமே கிடையாது. ஆகவே அழைப்பு நேரத்தை யுடிசி (UTC) எனும் உலகப் பொதுநேரக் கணக்கிலும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

பேசவே கூச்சப்படும் பிள்ளைகளை என்ன செய்யறது?

அவர்களுக்குக் குரல் பதிவுதான் வரம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம், யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் முழுசாக எழுதிவைத்துப் படிக்க விடாதீர்கள், அது வாசிப்பாகிவிடும். நாலைந்து குறிப்புச் சொற்களை மட்டும் கையில் கொடுங்கள். நேரலை அழைப்பில் இவர்களுக்கு வரைபடம் பார்க்கும் வேலை, குறிப்பெடுக்கும் வேலை கொடுத்து மெல்ல மெல்ல ஒரு கேள்வி கேட்கும் நிலைக்குக் கொண்டுவரலாம்.

அவங்களுக்கும் அந்த மொழி அரைகுறைதானே? அவங்க தப்பு நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டிக்காதா?

நிறையப் பேர் கவலைப்படும் கேள்வி, நியாயமான கவலையும்கூட. இரண்டு பக்கமும் கற்பவர்களாக இருக்கும்போது ஒரு நல்லது நடக்கிறது. புரியாவிட்டால் கேட்கப் பயமிருக்காது. "நீ சொன்னது புரியவில்லை, வேறு மாதிரிச் சொல்" என்று கேட்பதும், கேட்டதும் வேறு சொற்களில் மாற்றிச் சொல்வதும் மொழிக் கற்றலின் மையமான பயிற்சிகள். தாய்மொழியாகப் பேசுபவர் எதிரில் இருந்தால் பல பிள்ளைகள் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

தவறு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, செம்மையான மொழி வேறு வழியில் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். ப்ராஜெக்ட் தலைப்பை ஒட்டி நன்றாக எழுதப்பட்ட ஒரு பகுதியை, நன்றாகப் பேசப்பட்ட ஒரு ஒலிப்பதிவை வகுப்பில் நடத்துங்கள். கடைசியில் இரு வகுப்பும் சேர்ந்து வெளியிடும் பொருளை மட்டும் இரண்டு ஆசிரியர்களும் முழுமையாகச் சரிபார்க்கட்டும்.

அப்ப நடுவுல போற கடிதங்களில் உள்ள தப்பைத் திருத்தாமலேயே அனுப்பறதா?

பொருளைக் குழப்பும் தவறைத் திருத்தச் சொல்லுங்கள், மற்றதை விடுங்கள். எல்லாவற்றையும் நீங்களே திருத்தி அனுப்பினால் போகிற கடிதம் உங்களுடையது, எதிர்ப்பக்கம் இருக்கும் பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும், தன் கடிதத்தை ஒப்பிட்டுச் சோர்ந்துபோகும். நீங்கள் பார்த்த பொதுவான தவறுகளைக் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல் அடுத்த பீரியடில் பலகையில் போட்டுப் பேசுங்கள். நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து திருத்தவே கூடாது. எவ்வளவு திருத்துவது என்பதை எதிர் ஆசிரியரோடு முன்கூட்டியே பேசிவையுங்கள், ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் பிழையோடும் வந்தால் இரு வகுப்புக்கும் சங்கடம்.

அவங்க எங்க மொழியைப் படிக்கிறாங்க, நாங்க அவங்க மொழியைப் படிக்கிறோம். எதுல எழுதறது?

கொடுத்துவைத்தவர்கள் நீங்கள். இருவர் தங்கள் மொழிகளை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் டேண்டம் முறையில் பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றொன்று, கலக்கக் கூடாது. கலந்தால் இரு பக்கத்துக்கும் எது சுலபமோ அதிலேயே பேச்சு போய்விடும், இன்னொரு மொழி ஓரமாக நின்றுவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. 1997இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கல்ச்சுரா என்ற ப்ராஜெக்டைத் தொடங்கினார்கள். அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே மாதிரிக் கேள்வித்தாளை நிரப்பி, பதில்களை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்து, ஏன் இப்படி வேறுபடுகிறது என்று ஒருவரையொருவர் இணையத்தில் விசாரித்தார்கள். ஒவ்வொருவரும் எழுதியது தன் சொந்த மொழியில், படித்தது கற்கும் மொழியில். சிக்கலான விஷயத்தைத் தட்டுத்தடுமாறி எழுத வேண்டியதில்லை என்பதால் பேச்சு ஆழமாகப் போகும், படிக்கக் கிடைப்பதும் இயல்பான மொழியாக இருக்கும். ஆனால் எழுத்துப் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய வகுப்புகளுக்கு மட்டும்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

பிள்ளைங்க கூகுள் மொழிபெயர்ப்புலயும் ஏஐயிலயும் போட்டு எடுத்துட்டு வர்றாங்களே, இதுக்கு மேல என்ன கத்துக்கொடுக்கறது?

தடை போட்டுப் பயனில்லை, வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. எங்கே பயன்படுத்தலாம் என்று வரிசையை வகுத்துவிடுங்கள். முதல் வரைவு வகுப்பிலேயே, கையால், அகராதி மட்டும் வைத்துக்கொண்டு. அதன் பிறகு வேண்டுமானால் கருவியிடம் கொடுத்து அது என்ன மாற்றியது, ஏன் மாற்றியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மாற்றியதில் எதை ஏற்கிறேன், எதை விடுகிறேன் என்று மாணவரே முடிவெடுக்க வேண்டும். வந்த கடிதத்தில் புரியாத வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எதிர் வகுப்பிலும் இதே விதி இருக்க வேண்டும். ஏஐ எழுதிய கடிதத்துக்கு ஏஐ எழுதிய பதில் வந்தால் நடுவில் பிள்ளைகள் எதற்கு? கேள்விகளை இயந்திரத்தால் பதில் சொல்ல முடியாதபடி வைப்பது இதற்கு நல்ல மருந்து. "உங்கள் வகுப்பறை ஜன்னலிலிருந்து இன்று காலை என்ன தெரிந்தது?" என்று கேட்டால் எட்டிப் பார்த்தவரால்தான் எழுத முடியும்.

மார்க் எப்படிப் போடறது? குழுவா செஞ்சா ஒருத்தன்தானே எல்லாம் செய்யறான்?

இறுதிப் பொருளுக்கு மட்டும் மார்க் போட்டால் அப்படித்தான் ஆகும். வரைவுகள், அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் ஆளுக்கொரு கோப்பில் சேர்க்கச் சொல்லி அதைப் பாருங்கள். அளவுகோல் வேண்டுமென்றால், ஐரோப்பிய கவுன்சிலின் மொழித்திறன் சட்டகத்துக்கு 2020இல் வந்த துணைத் தொகுதியில் இணையவழி உரையாடலுக்கும் கூட்டு வேலைக்கும் நிலைவாரியாக விவரணைகள் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லும் திறனுக்கும் தனியாக உண்டு. அப்படியே எடுத்துச் சுருக்கிக்கொள்ளலாம்.

போட்டோ, பேரு எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுதே, பெற்றோர் சண்டைக்கு வந்தா?

வருவதற்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள். என்ன அனுப்புவோம், எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதற்பெயர் மட்டும், முகவரி கிடையாது, முகத்துக்குப் பதில் பிள்ளைகள் வரைந்த உருவம். வேலை நடக்கும் இடம் இரண்டு வகுப்புகளும் மட்டுமே நுழையக்கூடிய மூடிய தளமாக இருக்கட்டும். பேட்லெட் எனும் இணையப் பலகையைப் பயன்படுத்தினால் ஆசிரியர் ஒப்புதல் தந்த பிறகே பதிவு தெரியும்படி அமைத்துவிடுங்கள்.

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், இணையச் சேவைகளுக்குப் பிள்ளை தானே ஒப்புதல் தரும் வயதை 16 என்று வைத்து, நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களைப் பற்றியது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. இரண்டில் எது கடுமையோ அதையே இரு வகுப்புக்கும் வைத்துக்கொள்வதுதான் என் யோசனை.

நல்லா போயிட்டிருந்தது, திடீர்னு அந்தப் பக்கம் பதிலே வரலை. என்ன செய்ய?

இது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் விடுமுறையோ தேர்வோ காரணமாக இருக்கும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஐரோப்பாவின் பல நாடுகளில் செப்டம்பரில், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில். தொடங்கும் முன்பே இருவரின் நாட்காட்டியையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, அனுப்ப வேண்டிய தேதிகளை எழுதிக்கொண்டால் பாதி மனவருத்தம் மிச்சம். ஒரே கூட்டாளியை நம்பாமல் மூன்று நான்கு வகுப்புகள் சேர்ந்த வட்டமாக நடத்தினால் ஒன்று நின்றாலும் வேலை நிற்காது.

அப்படியும் நின்றுபோனால் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இதுவரை வந்ததை வைத்து உங்கள் பக்கத்துப் பொருளை முடித்து அதைப் பள்ளியில் வேறு வகுப்புக்குப் படித்துக் காட்டுங்கள்.

பிள்ளைங்க ஏதாவது ஏடாகூடமா கேட்டு எதிர்ப்பக்கம் மனசு புண்பட்டா?

வேண்டுமென்றே கேட்பதைவிட அறியாமல் கேட்பதுதான் அதிகம் புண்படுத்துகிறது. "விடுமுறைக்கு எங்கே போனாய்?" என்பது சாதாரணக் கேள்வி மாதிரித் தெரியும், எங்கேயும் போக வசதியில்லாத பிள்ளை பொய் எழுதத் தொடங்கும். "உன் அறை எப்படி இருக்கும்?", "அப்பா என்ன வேலை?" இவையும் அப்படியே, தனி அறை இல்லாத பிள்ளைகளும் அப்பா இல்லாத பிள்ளைகளும் இரண்டு பக்கமும் இருப்பார்கள். கேள்விகளை அனுப்பும் முன் "இதை நம் வகுப்பில் எல்லோராலும் சங்கடமில்லாமல் பதில் சொல்ல முடியுமா?" என்று பிள்ளைகளையே சோதிக்கச் சொல்லுங்கள். மொழியின் மரியாதைப் பயன்பாடுகளைக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

போர், மதம், எல்லைத் தகராறு போன்றவை வரத்தான் செய்யும். எதிர் ஆசிரியரும் நீங்களும் முன்பே பேசி, எதைத் தொடலாம், எதை இப்போதைக்கு வேண்டாம் என்று தீர்மானித்திருந்தால் வரும்போது பதறமாட்டீர்கள். வந்த செய்தியை வகுப்பில் வாசிக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ப்ராஜெக்ட் முடிஞ்சதும் பிள்ளைங்க இன்ஸ்டாகிராம்ல தொடர்ந்து பேசலாமான்னு கேக்கறாங்க. விடலாமா?

ஆசை வருவதே ப்ராஜெக்ட் நன்றாக நடந்ததற்கு அடையாளம், அதனால் முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஆனால் அது பள்ளியின் வேலையாக இருக்கக் கூடாது. பெரும்பாலான நாடுகளில் இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கவே 13 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் எண்களையோ ஐடிகளையோ வாங்கிப் பட்டியல் போட்டு அனுப்பாதீர்கள். தொடர விரும்பும் பிள்ளைகளுக்கு அடுத்த பருவத்தில் இன்னொரு சின்ன ப்ராஜெக்ட் வைத்துக்கொள்ளலாம், அதுவே அதே மூடிய தளத்தில் நடக்கட்டும். அனுமதிக் கடிதத்தில் அழிப்பதாகச் சொன்ன பதிவுகளைச் சொன்ன தேதியில் அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று பெற்றோருக்கு ஒரு வரி அனுப்புங்கள்.